டியூனிங்: சொல் விளக்கம்

காரைக்குடி செக்காலை ரோட்டுல எந்த ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னாலும் "வண்டி டியூன் பண்ணியாச்சா"ன்னு ஒரு குரல் கேக்கும். ஆனா ஆளுக்கு ஆள் அர்த்தம் வேற. வயசான மெக்கானிக் சொன்னா டேப்பட் கேப் (வால்வு இடைவெளி) பாத்து, தீப்பொறிக்கான பாயிண்ட சுத்தம் பண்ணி, தீப்பொறி வர்ற நேரமான டைமிங்க வச்சு, கார்புரேட்டர் ஸ்க்ரூவ திருகி ஐட்லிங்க, அதாவது வண்டி நிக்கிறப்ப எஞ்சின் ஓடுறத, சீராக்குறது. இஞ்சினியரிங் காலேஜ் பசங்க சொன்னா ஊரே திரும்பிப் பாக்குற சைலன்சரும், எஞ்சின் கம்ப்யூட்டரோட செட்டிங்க மாத்துற ரீமேப்பும்.

சொல்லோட பூர்வீகம் கிரேக்கம். 'டோனோஸ்'னா இழுத்துக் கட்டுறது, நரம்போட முறுக்கு. அது லத்தீன், பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து 'டோன்' ஆச்சு, அதுவே இன்னொரு உச்சரிப்புல 'டியூன்' ஆச்சு. இசைக்கருவியில இருந்த சொல் பின்னாடி ரேடியோவுக்கும் எஞ்சினுக்கும் போச்சு. இருக்குற நரம்ப ஒன்னுக்கொன்னு ஒத்துப்போக வைக்கிறதுதான் டியூன், புது நரம்பு வாங்குறது இல்ல.

தமிழ்ல இதுக்கு 'பண்ணுதல்'னு ஒரு பழைய சொல் இருக்கு. யாழுக்கு சுருதி கூட்டுறதும் பண்ணுதல், தேர், குதிரை, யானைய பூட்டி ஓட்டத்துக்குத் தயார் பண்றதும் பண்ணுதல், குதிரைச் சேணத்துக்கே 'பண்'னு பேர் உண்டு. ஆக 'டியூன் பண்ணு'ன்னு சொல்றப்ப நாம அதையே ரெண்டு தடவை சொல்றோம், யாரும் கவனிக்கிறதில்ல!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்களுக்கு இந்த அர்த்தம் புரிஞ்சா பர்ஸ் தப்பிக்கும். 1989ல வந்த மாஸ்டா மியாட்டாவ எடுத்துக்கங்க, 1.6 லிட்டர் எஞ்சின், கிட்டத்தட்ட 115 குதிரைசக்தி, எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழ. இதுல பெரிய ஏர் ஃபில்டரும் எக்சாஸ்ட்டும் மாட்டுனா சத்தம் நல்லா வரும், குதிரைசக்தி என்னவோ சில்லறையாத்தான் ஏறும். ரீமேப்பும் அப்படித்தான், எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளுற டர்போ இருக்குற வண்டின்னா அந்த அழுத்தத்த (பூஸ்ட்) ஏத்தி நல்லா இழுக்க வைக்கலாம், டர்போ இல்லாததுல பெரிசா ஒன்னும் கிடைக்காது.

அதே காச டயர்ல போடுங்க. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், 2318னா 2018ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் (டயர் மேல இருக்குற ரப்பர் கட்டைங்க) தேயலன்னு பழசையே ஓட்டுறவங்க நிறைய பேர், நம்ம ஊர் வெயில்ல ரப்பர் கல்லு மாதிரி இறுகிடும், அப்புறம் எத்தன குதிரை இருந்து என்ன, ரோட்டப் பிடிக்கணும்ல. அடுத்து சஸ்பென்ஷன் இணைப்புல இருக்குற ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர், வீல் அலைன்மெண்ட். பிரேக்குக்கு நல்ல பேடும் புது ஆயிலும் போதும். பிரேக் ஆயில்ல டாட் 3, டாட் 4னு தரம் இருக்கு, புது டாட் 3 ஆயிலோட கொதிநிலை குறைஞ்சபட்சம் 205 டிகிரி, டாட் 4க்கு 230. ஆனா ஆயில் காத்துல இருந்து ஈரத்த இழுத்துக்கும், கொதிநிலை இறங்கிடும், அதனால மாத்தாம வருஷக்கணக்கா விட்டா டாட் 4ம் சூட்டுல கொதிச்சு பிரேக் கைவிட்டுரும். இதெல்லாம் போட்டோவுல தெரியாத வேலை, அதான் யாரும் பெருமையா பேசுறதில்ல போல.

சரி, தமிழ்ல என்னன்னு எழுதலாம்? ரேடியோ டியூனிங்குக்கு 'இசைவிப்பு'ன்னு எழுதுறாங்க, வண்டிக்கும் அது பொருந்தும்னுதான் நான் சொல்வேன். 'பண்ணுதல்' எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல், ஆனா இன்னைக்கு "கார பண்ணினேன்"னு சொன்னா "நீயா தயாரிச்சே?"ன்னு கேப்பாங்க. அப்கிரேட்னா மேம்படுத்தல். மாடிஃபிகேஷன்னா மாற்றியமைப்பு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு தடுக்குறது இதத்தான், கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது. டைமிங் வைக்கிறதும் அலைன்மெண்ட் பாக்குறதும் அதுல வராது.