‘ஆக்சில் சீஸ் ஆயிடுச்சு’: எது இறுகியது?

“முன் ஆக்சில் சீஸ் ஆயிடுச்சு, வெளிய வர மாட்டேங்குது.” சேற்றிலும் ஆற்றிலும் இறங்கி ஏறும் நான்கு சக்கர இயக்க வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒருமுறையாவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். இதில் இரண்டு கடன் சொற்கள். கடன் வாங்கியதில் எனக்குப் புகார் இல்லை. ஆக்சில் என்றால் எது, சீஸ் என்றால் என்ன ஆயிற்று என்று தெளியாமல் சுத்தியலை எடுப்பதில்தான் புகார்.

‘ஆக்சில்’ வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இலத்தீனின் ‘ஆக்சிஸ்’, கிரேக்கத்தின் ‘ஆக்சோன்’, சமஸ்கிருதத்தின் ‘அக்ஷ’ எல்லாம் இதற்கு உறவு. நம் ‘அச்சு’ அந்த ‘அக்ஷ’விலிருந்து பிராகிருத வழியாக வந்தது என்பார் உண்டு, தமிழ் வேர்தான் என்பாரும் உண்டு. எப்படியானாலும் சொல் பழையது. “பீலிபெய் சாகாடும் அச்சிறும்” என்கிறது 475ஆம் குறள். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு இறும், அதாவது முறியும். புறநானூற்றின் 102ஆம் பாட்டு இன்னும் சுவையானது. உப்பு வணிகர் தம் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்களாம். பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ‘சேம அச்சு’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார் ஔவையார். காட்டுப்பாதை ஓட்டுபவர்கள் இன்றும் உதிரி ஆக்சில் ஷாஃப்டை வண்டியில் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு. மாட்டு வண்டியின் அச்சு, அதாவது இருசு, சுழலாது. அது அப்படியே நிற்க, சக்கரம்தான் அதைச் சுற்றி ஓடும். மோட்டார் வண்டிகளில், இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே கூடு இணைக்கும் ‘சாலிட்’ ஆக்சில் வகையில், அந்த இருசின் இடத்தில் இருப்பது இரும்புக் குழாய். எடையைத் தாங்கும், சுழலாது. அதற்குள்ளே டிஃபரென்ஷியலிலிருந்து, அதாவது எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பிலிருந்து, சக்கரம்வரை சுழலும் கம்பி ஒன்று போகிறது. ஆங்கிலத்தில் முழு அமைப்புக்கும் ஆக்சில் என்று பெயர், உள்ளே சுழலும் கம்பியையும் பேச்சில் ஆக்சில் என்றே சொல்லிவிடுகிறார்கள். குழப்பம் அங்கே பிறந்து நம்மிடமும் வந்துவிட்டது. முழு அமைப்பை ‘அச்சு’ என்றும், வெளிக்குழாயை ‘அச்சுக்கூடு’ என்றும், சுழலும் கம்பியை ‘அச்சுத்தண்டு’ என்றும் பிரித்துச் சொல்வதே என் தேர்வு. ‘ஷாஃப்ட்’ முதலில் ஈட்டியின் காம்பைக் குறித்த சொல். ‘தண்டு’ அதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

சிலர் ஆக்சிலை ‘அச்சாணி’ என்று எழுதுகிறார்கள். அது தவறு. சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் முனையில் செருகும் ஆணிதான் அச்சாணி. கடையாணி என்பதும் அதுவே. இன்றைய வண்டியில் அச்சுத்தண்டின் முனையில் பெரிய நட்டு இருக்கிறது, அந்த நட்டு திரும்பாமல் தடுக்க ஒரு கோட்டர் பின் இருக்கிறது. அச்சாணி என்ற பெயருக்கு உரிமை உள்ளது அந்தச் சின்னக் கம்பிதான்.

இனி ‘சீஸ்’. பழைய பிரெஞ்சில் நிலத்தைக் கைப்பற்றுவதைக் குறித்த சட்டச் சொல் இது. தவணை கட்டாத வண்டியை ‘சீஸ் பண்ணிட்டாங்க’ என்கிறோமே, அந்தப் பொருள்தான் மூத்தது. இயந்திரத்துக்கு அது பிறகு வந்தது. தமிழில் ‘பிடித்துக்கொண்டது’ என்றால் பாதி வேலை முடிந்தது. ‘துருப்பிடித்தல்’ என்ற சொல்லிலேயே அந்தப் பிடி இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் சூடேறி எஞ்சினில் உலோகத்தோடு உலோகம் ஒட்டிக்கொள்வது ஒருவகைப் பிடி. முன் அச்சுத்தண்டில் நடப்பது பெரும்பாலும் வேறு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். மயிரிழை இடைவெளிக்குள் அது பருக்கும்போது இரண்டு பாகங்களும் ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிடும். இதற்கு ‘துருவிறுக்கம்’ என்று சொல்லலாம். ‘ஜாம்’ வேறு, அது சிக்கல், எதையாவது எடுத்தால் விடுபடும்.

இறுகுவது எங்கே என்று பார்த்தால் சொல்லைப் பிரித்த பயன் தெரியும். தண்டு டிஃபரென்ஷியலுக்குள் இறுகுவது அரிது, அங்கே எண்ணெய் இருக்கிறது. பல ஜீப் வகைகளில் ஹப்பின், அதாவது சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகத்தின், பேரிங் பகுதி ஸ்டியரிங் நக்கிளின் துளைக்குள் துருவேறி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் இரும்புப் பாகம்தான் நக்கிள். மாட்டு வண்டித் தச்சர் ‘குடம்’ என்பதே இந்த ஹப். இன்னொரு இடம், தண்டின் முனையில் நீளவாட்டில் வெட்டிய பற்கள் அந்தக் குடத்துக்குள் நுழையும் இடம். ஆகவே ‘ஆக்சில் சீஸ்’ என்று நாம் திட்டும்போது தண்டு பெரும்பாலும் குற்றமற்றது.

இனி கழற்றும் முறை. அச்சுத்தண்டின் முனை நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தண்டு கூடவே சுற்றும். பிரேக் பாகங்களையும், இருந்தால் ஏபிஎஸ் வயரையும் விலக்கிவிட்டு, நக்கிளின் துளையைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள். ஹப்பை நக்கிளோடு பிணைக்கும் மூன்று போல்ட்டுகளையும் முழுக்கக் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையில் மாற்றி மாற்றித் தட்டினால் குடம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். பற்கள் விடவில்லை என்றால் நட்டைத் தண்டு முனையோடு சமமாகத் திருகி வைத்து, அதன்மேல் மரக்கட்டையோ பித்தளைத் துண்டோ வைத்துத் தட்டுங்கள். வெறும் முனையில் அடித்தால் மரை நசுங்கிக் குடைபோல் விரியும், பிறகு நட்டே ஏறாது. தீ காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். பேரிங்கை எப்படியும் தூக்கிப்போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதற்கு இடம் கொடுக்கலாம். எண்ணெய் நனைந்த இடத்தில் அதுவும் வேண்டாம்.

குடம் விட்டதும் தண்டு எளிதாகவே உருவி வரும். அப்போது அதன் எடையைக் கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். தண்டின் பற்கள், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையமான எண்ணெய் சீலின் உதட்டில் உரசினால் அச்சுக்கூடு கசியத் தொடங்கும்.

திரும்பப் பூட்டுமுன் நக்கிளின் துளையைத் துருநீங்கத் தேய்த்து ‘ஆன்டி சீஸ்’ என்ற, மறுபடி இறுகாமல் காக்கும் பசையைத் தடவுவார்கள். ‘இறுகாப்பசை’ என்றால் கடைக்காரருக்குப் புரியாது, எழுதும்போதாவது வைத்துக்கொள்ளலாம். துளையிலும் பற்களிலும் மெல்லிய பூச்சு போதும். போல்ட் மரையில் தாராளமாகப் பூசினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கு விசைக்குப் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும்.