மின்தேக்கி

கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2006-இல் வாங்கியது. அம்மா அதில்தான் ஏலத்தோட்டக் கணக்கு முழுவதும் வைத்திருக்கிறார்: எத்தனை கிலோ பச்சைக்காய் எடுத்தோம், காய் காயவைக்கும் ஸ்டோரில் உலர்த்திய பிறகு எவ்வளவு நின்றது, யாருக்கு எவ்வளவு கூலி. போன மார்கழியில் அது காலை நேரத்தில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், நின்றுவிடும். நான்காவது ஐந்தாவது தடவையில் உயிர் வரும்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மதர்போர்டில் பிராசஸருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்ன உருளைகளில் ஐந்தின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. குமுளிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "கப்பாசிட்டர் போயி" என்றார். மலை இறங்கிக் கம்பத்துக்குக் கொண்டுபோனால், அங்கே மெக்கானிக் அண்ணன், "கண்டென்சர் வீங்கிருச்சு தம்பி" என்றார். ப்ளஸ் டூ படிக்கும் அவர் மகள் கையிலிருந்த பாடப்புத்தகத்தில் அதன் பெயர் மின்தேக்கி.

கண்டென்சர்தான் இவற்றில் மூத்த பெயர். மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் முதல் கருவி, லைடன் ஜாடி என்ற கண்ணாடிச் சாடி, 1745-46இல் வந்தது. பிறகு 1782-இல் இத்தாலியரான வோல்ட்டா, மின்சாரத்தைச் செறிவாக்கும் கருவி என்ற பொருளில் 'கண்டென்சட்டோரே' என்று பெயர் வைத்தார். அடர்த்தி என்று பொருள்படும் லத்தீன் சொல் அதற்கு வேர். நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கருவிக்கும், ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் குழாய்க்கும் அதே பெயர் இருப்பதால் குழப்பம் வந்தது. அதனால் இருபதாம் நூற்றாண்டில் 'கெபாசிட்டர்' என்ற பெயர் பரவியது. அது கொள்ளளவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்களில் சீலிங் ஃபேனுக்கு மாற்றுவது மட்டும் இன்னும் கண்டென்சர்தான்.

தமிழிலும் ஒரே பெயர் இல்லை. இலங்கைத் தமிழர் கொள்ளளவி என்கிறார்கள். மின்கொண்மி என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் கொள் என்ற வினையில் பிறந்தவை, பிழையே இல்லை. ஆனால் எனக்கு மின்தேக்கிதான் பிடித்திருக்கிறது. அடங்கு, அடக்கு என்பதுபோல் தேங்கு, தேக்கு. தானாக நிற்பது தேங்குவது, நாம் நிறுத்தி வைப்பது தேக்குவது. அதோடு 'இ' சேர்ந்தால் வடிகட்டி, ஒலிபெருக்கிபோல் அந்த வேலையைச் செய்யும் கருவியின் பெயர் கிடைக்கிறது.

இந்தச் சொல்லை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு அணை 1895-இலிருந்து மழைக்காலத்துத் தண்ணீரைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு அனுப்புகிறது. மழை விட்டுவிட்டு வந்தாலும் வயலுக்குப் போகும் தண்ணீர் சீராக இருக்க வேண்டும். பிராசஸருக்குப் பக்கத்தில் நிற்கும் மின்தேக்கி செய்வதும் இதையேதான். மின்சாரம் அதனிடம் துடிப்புத் துடிப்பாக வந்து சேர்கிறது. பிராசஸர் கேட்கும் அளவும் நொடிக்கு நொடி மாறுகிறது. மின்தேக்கி நிறைந்தும் கொடுத்தும் வோல்ட்டேஜைச் சமமாக வைக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ அணை ஓட்டையாயிருச்சுங்கிற" என்றார். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஓட்டை எப்படி விழுகிறது? உருளைக்குள் அலுமினியத் தகடும், மின்சாரம் கடத்தும் மின்பகு திரவத்தில் நனைந்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். சூட்டில் ஆண்டுக்கணக்காக நின்றால் திரவம் வற்றும். திரவம் தரமில்லாததாக இருந்தால் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும், தலை உப்பும். வெடிக்காமல் வாயு வெளியேறத்தான் உச்சியில் சிலுவைபோல் கீறல் போட்டிருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் செய்த மதர்போர்டுகள் பல இப்படித்தான் வீணாயின. பழந்தமிழில் தேக்கு என்றால் ஏப்பம் என்றும் பொருள் உண்டு, தேக்கெறிதல் என்றால் ஏப்பம் விடுதல். கீறல் வழியே வாயு விட்ட அந்த உருளையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

காலையில் மட்டும் ஏன் மக்கர் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. குளிரில் திரவத்தின் மின்தடை கூடும், தேக்கியதை வேகமாகக் கொடுக்க முடியாது. நாலு தடவை அழுத்தியதில் கொஞ்சம் சூடேறியதும் அது குறைந்துவிடும். மார்கழிக் குமுளிக் குளிரில், பாதி வற்றிய மின்தேக்கி என்ன செய்யும்!

மாற்றும்போது உருளையின் உடம்பில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். எங்களுடையதில் 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட், 105 டிகிரி என்றிருந்தது. ஃபாரட் என்பது ஃபாரடேயின் பெயரால் வந்த அலகு, மின்தேக்குத்திறனை அளப்பது. அந்த எண் மாறக் கூடாது. வோல்ட் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். மதர்போர்டுக்கு என்று சொல்லி, உள்ளே இருக்கும் மின்தடை குறைந்த வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். பக்கவாட்டுக் கோடு மைனஸ் முனையைக் காட்டும், முனைகளை இடம் மாற்றிப் பொருத்தினால் வெடித்துவிடும்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். அதிலிருக்கும் பெரிய மின்தேக்கி ஏறத்தாழ 325 வோல்ட் வரை தேக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அதை வைத்திருக்கும். பெயரிலேயே இருக்கிறதே, தேக்கி என்று.

கம்பத்து அண்ணன் ஐந்தையும் பற்றவைத்துக் கொடுத்தார். பில்லில் கண்டென்சர் என்று எழுதப்போனவர், மகளிடம் எழுத்துக்கூட்டச் சொல்லி 'மின்தேக்கி – 5' என்று எழுதினார்.