தோப்பு மூலையில் மறந்துபோன பெட்டி

அலங்காநல்லூர் பக்கம் என் மாமாவின் தென்னந்தோப்பில் பத்துத் தேனீப்பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. தென்னையில் காய்ப்பு கூடும் என்று நம்பி வாங்கி வைத்தவை. போன கார்த்திகையில் நான் போனபோது ஆறு பெட்டிகளில்தான் தேனீ நடமாட்டம் இருந்தது. மூன்று காலி. மூலையில் இருந்த ஒன்றில் மட்டும் வாசலில் நாலைந்து தேனீக்கள் சும்மா உட்கார்ந்திருந்தன. மூடியைத் திறந்து அடைச்சட்டத்தைத் தூக்கினேன். புழு வளரும் அறைகள் பலவற்றில் மெழுகு மூடி கடித்துத் திறக்கப்பட்டிருந்தது. உள்ளே தலையை மேலே தூக்கியபடி மல்லாந்து கிடந்தன செத்த புழுக்கள். ஒன்றை ஈர்க்குச்சியால் நெம்பினேன். தண்ணீர் கோத்த சின்னப் பை போல முழுசாக வந்தது.

"தேனீ தன்னைத் தானே பாத்துக்கிரும்ண்டு விட்டுட்டேன் மாப்ள" என்றார் மாமா.

அந்தப் பைதான் நோயின் அடையாளம். தாய்லாந்து சாக்புரூட் என்பார்கள். நம் ஊர் அடுக்குத் தேனீயைத் தாக்கும் வைரஸ் நோய் அது. 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டது. 1991-92இல் தென்னிந்தியாவுக்குள் பரவி, பெட்டிகளில் வளர்த்த அடுக்குத் தேனீக் கூட்டங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழித்தது. மார்த்தாண்டம் பக்கம் தேனை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் பெட்டிகளை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை தேடிப் போன காலம் அது.

புழு ஏன் பையாகிறது? ராணித் தேனீ இடும் முட்டை மூன்று நாளில் பொரிகிறது. வேலைக்காரத் தேனீக்கள் ஊட்ட ஊட்டப் புழு கிடுகிடுவென்று வளரும். பழைய தோல் பற்றாமல் போகும்போதெல்லாம் உரித்துப் போட்டுவிடும். அப்புறம் அறையை மெழுகால் மூடிவிடுவார்கள். உள்ளே கடைசித் தோலை உரித்தால்தான் கூட்டுப்புழுவாக மாற முடியும். உரிப்பதற்கு வசதியாகப் பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஒரு நீர் சுரக்கிறது. வைரஸ் தாக்கிய புழுவால் அந்தக் கடைசித் தோலைக் கழற்ற முடிவதில்லை. சுரந்த நீர் அப்படியே தேங்கிவிடுகிறது. புழு சாகிறது, தோல் பையாகிறது, அந்த நீர் முழுக்க வைரஸ். ஒரே ஒரு பையில் இருப்பது ஆயிரக்கணக்கான புழுக்களுக்குத் தொற்றப் போதும்.

இனி நடப்பதுதான் எனக்கு மனசை உறுத்துகிற இடம். கூட்டில் பிணம் கிடந்தால் தேனீக்கள் பொறுக்காது. கூட்டுக்குள் துப்புரவு செய்வதும் புழுக்களுக்கு ஊட்டுவதும் இளம் வேலைக்காரத் தேனீக்கள். செத்த புழுவை இழுத்து வெளியே போடும்போது பை கிழிகிறது, நீர் வாயில் படுகிறது. அந்தத் தேனீ சாவதில்லை, பார்வைக்கு நோயும் தெரியாது. ஆனால் அதன் தலையில் புழுக்களுக்கான பாலைச் சுரக்கும் சுரப்பி இருக்கிறதே, அதில் வைரஸ் போய்ச் சேர்ந்து பெருகுகிறது. மறுபடி அதே வாயால் அடுத்த புழுவுக்குப் பால் ஊட்டினால் நோய்ச் சங்கிலி தொடர்கிறது. சுத்தம் செய்யும் வேலையே நோயைச் சுமந்து போகிறது.

ஆனாலும் தேனீக் கூட்டத்துக்குள் இதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. தொற்றிய இளம் தேனீ மகரந்தம் தின்பதைக் குறைத்துவிடும். புழுக்களைக் கவனிப்பதை விட்டுவிட்டு, வயசுக்கு முன்பே வெளியே இரை தேடப் பறந்துவிடும். கூட்டம் பெரிதாக இருந்தால் துப்புரவு செய்ய ஒரு பகுதி, ஊட்ட இன்னொரு பகுதி என்று வேலை பிரிந்திருக்கும். நோய் பிடித்தவர்கள் புழு அறைகளை விட்டு விலகிவிட, நோய் தானாகவே அடங்கிப்போகும். கூட்டம் மெலிந்திருந்தால் கையில் அகப்பட்டவர்கள் எல்லா வேலையும் செய்தாக வேண்டும். துப்புரவு செய்த வாயேதான் ஊட்டும்.

அலட்சியம் நோயாக மாறுவது இந்த இடத்தில்தான். மதுரை வட்டாரத்தில் மா, வேம்பு, புங்கை, புளி என்று தையிலிருந்து ஆனி வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே போக முடியாது, போனாலும் பெரிதாகக் கிடைக்காது. கோடையில் தேனை ஒரு சொட்டு விடாமல் பிழிந்தவர், மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு வைக்கவில்லை என்றால் கூட்டம் பட்டினியில் சுருங்கும். பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களுக்கு அடியில் உள்ள கிண்ணங்களில் தண்ணீர் வற்றினால் எறும்பு ஏறும். ஆளில்லாத அடைகளில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். இவ்வளவுக்கும் நடுவில் வைரஸ் நுழைந்தால் எதிர்த்து நிற்க ஆளே இருக்காது.

"காட்டில் பொந்துக்குள் இருக்கும் தேனீயை யார் கவனிக்கிறார்கள்?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. அழகர்மலையில் ஒரு மரப்பொந்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். கூட்டம் நோயில் செத்தால் அந்துப்பூச்சியின் புழுக்கள் பழைய அடையை அரித்துத் தின்று தீர்த்துவிடும். நாம் பழிக்கும் அந்தப் பூச்சி காட்டில் செய்வது துப்புரவு வேலை. நாமோ பத்துக் கூட்டங்களைப் பத்தடி இடைவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறோம். வழி தவறிய தேனீ பக்கத்துப் பெட்டிக்குள் நுழைகிறது. ஒரு பெட்டியின் சட்டத்தை உருவி இன்னொன்றில் சொருகுகிறோம். நோய் அதோடு போகிறது.

எல்லாவற்றிலும் மோசமானது கொள்ளை. மெலிந்த பெட்டியில் கொஞ்சம் தேன் மிச்சமிருந்தால், பூ இல்லாத காலத்தில் பலமான கூட்டங்கள் மோப்பம் பிடித்து வந்துவிடும். காவலுக்கு ஆளில்லை, புகுந்து உறிஞ்சித் தேனோடு வைரஸையும் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகும். அடுக்குத் தேனீ சாதாரணமாகவே ஒரு கிலோமீட்டர் போய் இரை தேடும். ஆக மாமாவின் மூலைப் பெட்டி அவர் தோப்போடு நிற்கிற விஷயமல்ல. சுற்றிலும் உள்ள தோப்புகளின் பெட்டிகளும், சுவர்ப்பொந்துகளில் தங்கியிருக்கும் கூட்டங்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன.

பெட்டியில் வளர்க்கும் இன்னொரு இனமான இத்தாலியத் தேனீயை வளர்ப்பவர்களுக்கு வேறு கவலைகள். வரோவா என்ற உண்ணி அடுக்குத் தேனீயில் பெரும்பாலும் ஆண் புழுக்களோடு நிற்கும். இத்தாலியத் தேனீயில் வேலைக்காரப் புழுக்களிலும் பெருகிக் கூட்டத்தையே சாய்க்கும். அமெரிக்கப் புழு அழுகல் நோயின் பாக்டீரிய வித்துகளோ பழைய பெட்டியில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய பெட்டி வாங்குவதும், எங்கிருந்தோ வந்த தேனைத் தேனீக்கு உணவாக வைப்பதும் அதனால்தான் ஆபத்து. இந்த நோய்கள் மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது.

சாக்புரூட்டுக்கு மருந்து கிடையாது. வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் கலந்த பாகு வீண்செலவு. செய்யக்கூடியது புழு இல்லாத ஓர் இடைவெளியை உண்டாக்குவது. ராணியைக் கூண்டில் அடைத்து மூன்று வாரம் முட்டையிட விடாமல் நிறுத்தினால், வைரஸ் வளரப் புதுப் புழு இருக்காது. இருக்கிற தேனீக்கள் அறைகளைச் சுத்தம் செய்து முடித்துவிடும்.

அன்று மாலையே வேலையை ஆரம்பித்தோம். நோய்ப் புழுக்கள் இருந்த அடைகளை வெட்டிக் காய்ந்த மட்டையோடு போட்டு எரித்தோம். காலிப் பெட்டிகளைச் சுரண்டி, உள்பக்கத்தைத் தீயில் வாட்டினோம். கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அடுத்த பெட்டியைத் தொட்டோம். மூலைப் பெட்டியைத் தோப்பின் மறுகோடிக்குத் தள்ளி வைத்து, வாசலை ஒரு தேனீ நுழையும் அளவுக்குச் சுருக்கி, ராணியை அடைத்தோம். இருட்டிய பிறகு, வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல், பாகை எல்லாப் பெட்டிகளுக்கும் உள்ளே வைத்தார் மாமா.

நாலாவது வாரம் போன் செய்தார். கூண்டைத் திறந்து ராணியை விட்டு ஐந்து நாளாகிறதாம். நடு அடையில் அறைக்கு ஒன்றாக முட்டைகள் இருக்கின்றன. இரண்டு மூன்று அறைகளில் பொடிப் புழு, வெள்ளையாக, பாலில் மிதக்கிறது என்றார்.