புரதம்: சொல் விளக்கம்

'புரதம் கூடச் சாப்பிடுங்கோ' என்று கிளினிக்கில் சொன்னால், வன்னியில் பலருக்கு முதலில் நினைவு வருவது கடையில் விற்கும் விலை கூடிய மாப்பேணிதான். அந்தச் சொல் குறிப்பது அதையல்ல.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு அலகுகள் ஒன்றோடொன்று தொடுத்து உண்டாகும் பொருள். தசை, தோல், முடி, சமிபாடு போன்ற வேலைகளுக்கு உதவும் நொதியங்கள், நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் எல்லாம் இதனால் ஆனவை. அமினோ அமிலங்கள் 20இல் 9ஐ உடம்பால் ஆக்க முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் வரவேண்டும்.

1838இல் ஒல்லாந்து வேதியியலாளர் முல்டர் 'புரோட்டீன்' என்ற பெயரை வெளியிட்டார். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுவீடன் அறிஞர் பேர்சீலியஸ். 'முதன்மையானது' என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லே மூலம். தமிழில் சொல்லின் முதலில் மெய்யெழுத்து வராது. அதனால் 'ப்ரோ' என்பது 'புர' ஆகி, 'அம்' ஈறும் சேர்ந்து புரதம் ஆனதாகத் தோன்றுகிறது. 'புரத்தல்' என்றால் காத்தல் என்பதால் சிலர் இதைத் தனித்தமிழ் வேர்ச்சொல்லாகவே எண்ணுவதுண்டு. பொருத்தம் அழகுதான், ஆனால் சொல் ஒலிவழியே வந்ததாகத்தான் தோன்றுகிறது. புரதத்தை, புரதத்தில், புரதச்சத்து என்று வேற்றுமையும் புணர்ச்சியும் தடையின்றி ஏற்கிற சொல்லுக்கு இன்னொன்று தேடத் தேவையில்லை. தமிழில் எழுதும்போது 'புரோட்டீன்' வேண்டாம், புரதம் போதும்.

சரி, பொருள் எங்கே இருக்கிறது? மாரியில் வவுனியாப் பக்கம் விதைக்கிற உழுந்தில். காய்ந்த உழுந்து 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. பயறும் கச்சானும் அதே அளவை ஒட்டியே வரும். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்த அம்மம்மாமார் இந்தச் சொல்லை அறியாமலே பொருளைப் பரிமாறினார்கள். குளத்து மீனும் நெத்தலிக் கருவாடும் இதே வரிசைதான்.

சோற்றுப் புரதத்தில் லைசீன் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பு வகையில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். ஆனால் பருப்புக்கறி தண்ணியாக இருந்தால் கணக்குச் சரிவராது. கோப்பையில் தடிப்பாக விழவேண்டும். சோற்றைக் குவித்து அதன்மேல் ஒரு கரண்டி கறி விடுகிற பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை.

சுகமான வளர்ந்தவருக்கு நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது பொதுக்கணக்கு: 50 கிலோ என்றால் 40 கிராம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இதைவிடக் கூட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அந்த நோய் உள்ளவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவர்கள் வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.