மூச்சு திரும்பிவிடும், கிளைக்கோஜன் திரும்பாது

பல நாள் சைக்கிள் பந்தயத் தொடரில் முதன்முறையாகக் கலந்துகொள்ளும் அமெச்சூர் வீரர்கள் பலர் ஒரே மாதிரிதான் பின்தங்குகிறார்கள். முதல் நாள் முன்வரிசையில் பறப்பார்கள். இரண்டாம் நாள் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு சமாளிப்பார்கள். மூன்றாம் நாள் ஒரு சின்ன ஏற்றத்திலேயே தனியாக விடப்படுவார்கள். பயிற்சி போதவில்லை என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். உடலில் உள்ள இரண்டு வெவ்வேறு கையிருப்புகளை ஒன்றென்று எண்ணிச் செலவழித்ததே பெரும்பாலும் காரணம்.

முதல் கையிருப்பு மிகச் சிறியது. ஒருவர் தளராமல் நீண்ட நேரம் தாங்கக்கூடிய திறனுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் செய்யக்கூடிய வேலையின் அளவும் வரையறைக்கு உட்பட்டது. மோனோ, ஷெரர் ஆகிய ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கருத்து இது. ஒருவரின் வரம்பு 250 வாட் என்று வைத்துக்கொள்வோம். அவர் 400 வாட்டில் மிதித்தால், விநாடிக்கு 150 ஜூல் இந்தச் சிறு கையிருப்பிலிருந்து கழியும். நல்ல பயிற்சி உள்ளவருக்கும் மொத்தம் 15 முதல் 25 கிலோஜூல் அளவில்தான் இருக்கும். 18 கிலோஜூல் உள்ளவர் இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடுவார். ஆனால் வரம்புக்குக் கீழே இறங்கி மிதித்தால், சில நிமிடங்களிலேயே அதில் பெரும்பகுதி மீண்டுவிடும். மூச்சு சீராகும், கால் லேசாகும், இன்னொரு முறை பாயலாம் என்று தோன்றும்.

இரண்டாவது கையிருப்பு கிளைக்கோஜன். தசைகளில் சுமார் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் என்று மாவுச்சத்து இந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது. மொத்தமாக ஏறத்தாழ 2,000 கிலோகலோரி. நாம் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவுதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. அதனால் பெடலில் செய்யும் ஒரு கிலோஜூல் வேலைக்கு, உடல் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவழிக்கிறது. மூன்று மணி நேரம் சராசரியாக 200 வாட் என்றால் 2,160 கிலோஜூல். கொழுப்பும் ஒரு பங்கு கொடுக்கும் என்றாலும், பந்தய வேகத்தில் பெரும்பாரத்தைத் தாங்குவது கிளைக்கோஜன்தான்.

இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆக்சிஜனைக் கொண்டு முழுமையாக எரிந்தால் கிளைக்கோஜனின் ஒரு குளுக்கோஸ் அலகிலிருந்து தசை நேரடியாகச் செலவழிக்கும் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் முப்பதை ஒட்டிக் கிடைக்கும். பாய்ச்சலின்போது ஆக்சிஜனுக்குக் காத்திராமல் உடைத்தால் கிடைப்பது மூன்றுதான். அப்படி உடைக்கும்போது மிஞ்சும் லாக்டேட் என்ற பொருளை இதயமும் பிற தசை இழைகளும் பிறகு எரித்துக்கொள்வதால் எல்லாமே வீணாவதில்லை. ஆனாலும் பாய்ச்சலில் அதிகம் உழைக்கும் வேகமாகச் சுருங்கும் தசை இழைகளில் கிளைக்கோஜன் மளமளவென்று கரைகிறது. மூச்சு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டது என்பதற்காக அது திரும்பியிருக்காது. மறுநாள் சீரான வேகம் வருகிறது, தாவல் மட்டும் வரவில்லை என்று வீரர்கள் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

வீணாகும் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை கூட்டத்தை உதறிவிட்டு முந்தப் பாயும் தாக்குதல்களே அல்ல, திருப்பங்களில் வருபவை. ஒரு திருப்பத்தை அருகிலிருந்து பார்ப்போம். முன்னால் போகிறவர் 33 கிலோமீட்டர் வேகத்தில் வழுக்கிக்கொண்டு திரும்பி 40ஐ எட்டுகிறார். கடைசியில் இருப்பவரோ முன்னால் நெரிசலாகி, பிரேக் பிடித்து, 25க்கு இறங்கி, மீண்டும் 40க்கு ஏற வேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், இயக்க ஆற்றலுக்கு மட்டும் முன்னவருக்கு சுமார் 1.6 கிலோஜூல், பின்னவருக்கு 3 கிலோஜூல் தேவை. ஐந்து விநாடியில் அதைச் செய்தால் 600 வாட், காற்றை எதிர்க்க வேண்டியது தனி. நான்கு திருப்பங்கள் உள்ள பாதையை 30 முறை சுற்றினால் இப்படி 120 பாய்ச்சல்கள். ஓய்வாகப் போகலாம் என்று எண்ணி வால்பகுதிக்குப் போகிறவர்தான் அதிகம் இழக்கிறார்.

அதற்காக முதல் ஆளாக நிற்கவும் கூடாது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 121 பேர் கொண்ட கூட்டத்தை வைத்து காற்றியக்க ஆய்வாளர் பெர்ட் பிளோக்கனின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவருக்கு, தனியே ஓட்டுபவர் எதிர்கொள்ளும் காற்றுத்தடையில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே இருந்தது. அமெச்சூர் கூட்டங்கள் இவ்வளவு நெருக்கமாக ஓடுவதில்லை, லாபமும் குறையும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முன் மூன்றில் ஒரு பங்கில் இரண்டு மூன்று முதுகுகளுக்குப் பின்னால் இருப்பதே என் பார்வையில் சிறந்த இடம். ஒட்டுமொத்த நேரத்தைக் கூட்டும் தொடர்களில், இடைவெளியின்றி ஒன்றாக வந்து சேரும் கூட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரே நேரம்தான் தரப்படுகிறது. சமதளத்தில் முகப்பில் நின்று காற்றைக் கிழிப்பதால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

பந்தயம் முடிந்த பிறகுதான் அடுத்த வேலை தொடங்குகிறது. காலியான கிளைக்கோஜன் முழுதாக நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் ஒரு நாள் அளவுக்கு ஆகும். உழைத்த தசை முதல் சில மணி நேரம் குளுக்கோஸை வேகமாக இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில், அடுத்தடுத்த நான்கு மணி நேரத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து என்பது பரிந்துரை. 70 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 70 முதல் 84 கிராம். முடிவுகளைப் பேசிக்கொண்டே இரண்டு மணி நேரத்தைக் கழிப்பது மறுநாள் காலில் தெரியும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே சேமிக்கப்படுவதால், 400 கிராம் திரும்பினால் எடை ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடும். அதைக் கண்டு பதறி இரவு உணவைக் குறைப்பதைப் போல் கெடுதல் வேறில்லை.

ஓட்டும்போதே சாப்பிடுவதற்கும் எல்லை உண்டு. குடல் குளுக்கோஸை மணிக்கு சுமார் 60 கிராம்தான் உள்ளே விடும். ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல் இருப்பதால், இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். இதைப் பயிற்சியின்போதே வயிற்றுக்குப் பழக்க வேண்டும்.

இத்தனை இருந்தும் நாள்தோறும் ஓட்ட முடிவது எப்படி? மிதிக்கும்போது தசை சுருங்கித்தான் வேலை செய்கிறது. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் நடப்பதுபோல, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிச் சேதமடைவதில்லை. எனவே சைக்கிள் தொடரில் எரிபொருள் குறைவதே முதல் கவலை.

கடைசி நாட்களில் இதயத்துடிப்புக் கருவி ஏமாற்றும். தொடர் உழைப்பால் உடல் உப்பையும் நீரையும் தக்கவைத்து இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைக் கூட்டுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் பாய்வதால் அதே வாட்டுக்குத் துடிப்பு குறைகிறது. களைப்பும் உச்சத் துடிப்பைக் கீழே இழுக்கிறது. வழக்கமாக 165 காட்டும் ஏற்றத்தில் 155ஐப் பார்த்ததும் இன்னும் அழுத்தலாம் என்று எண்ணுபவர், அந்தச் சிறு கையிருப்பை உச்சிக்கு முன்பே தீர்த்துவிடுவார். அன்று வாட் எண்ணையும், பக்கத்தில் வருபவரோடு ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிகிறதா என்பதையும் பார்த்தே வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.