மாசிக்காய் மை

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் உரைமருந்துக்கென்று மாசிக்காய் வாங்கி வைத்திருப்பார்கள். பெயரில்தான் காய். ஓக் மரத்தின் இளங்கிளையில் ஒரு சின்னக் குளவி முட்டையிட, மரம் அந்த இடத்தைச் சுற்றி உருண்டையாகக் கட்டிக்கொள்வதுதான் மாசிக்காய். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாகித் துளை போட்டு வெளியேறும். சில மாசிக்காய்களில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை இருக்குமே, அது குளவி போன வழி.

இடைக்கால ஐரோப்பாவின் கையெழுத்துப் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த உருண்டையிலிருந்து எடுத்த மையால் எழுதப்பட்டவை. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல் கி.பி. 700 வாக்கில் எழுதப்பட்டது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் கெல்ஸ் நூல் அதற்குச் சுமார் 100 ஆண்டு பிந்தையது. இவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் பின்னல் கோலங்களையும் வண்ணங்களையும்தான் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கறுப்பு எழுத்துகள்தான் பெரிய அதிசயம்.

மாசிக்காயை இடித்து ஊறவைத்தால் துவர்ப்புச் சாறு இறங்கும். அதில் அன்னபேதியைக் கரைக்க வேண்டும். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அதே பச்சை உப்புதான். வேதியியலில் இரும்பு சல்ஃபேட். கெட்டிப்பட வேலம்பிசின் கொஞ்சம். சரி, மை தயார். ஆனால் எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். துவர்ப்புப் பொருளோடு சேர்ந்த இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்ட பிறகுதான் நீரில் கரையாத கறுப்பாக மாறும். அதற்குள் மை எழுதும் பரப்பின் இழைகளுக்குள் இறங்கிவிடும். விளக்குக் கரியில் செய்த மை மேலாக ஒட்டி நிற்பது. இது ஊறிப் பிடிப்பது. ‘இங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கே ‘சுட்டுப் பதித்தது’ என்றுதான் பொருள்.

சுடுவது வெறும் பேச்சுக்கு இல்லை. இந்த வினையில் கந்தக அமிலமும் உண்டாகிறது. துவர்ப்புச் சத்தோடு சேராமல் மிஞ்சிய இரும்பும் காகிதத்தின் இழைப்பொருளான செல்லுலோஸை அரித்துக்கொண்டே இருக்கும். இசைமேதை பாக்கின் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றில் இசைக்குறிகள் இருந்த இடத்தில் தாள் உடைந்தே போயிருக்கிறது. அவற்றைவிட 1000 ஆண்டு மூத்த லிண்டிஸ்ஃபார்ன் நூல் தப்பியது எப்படி? அது காகிதமே இல்லை, கன்றுத்தோல். முடி உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டுவார்கள். அப்போது தோலில் தங்கிப்போன சுண்ணாம்பு அமிலத்தைத் தணித்துவிடுகிறது. தோல் செய்தவர் இதை நினைத்தா செய்தார்? அவருக்கு முடி போனால் போதும்.

தோல் விலை உயர்ந்தது என்பதால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறு எழுதும் பழக்கமும் இருந்தது. ஆர்க்கிமிடீஸின் கணித நூல்களைத் தாங்கிய 10-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றை 1229-இல் இப்படித்தான் பிரார்த்தனைப் புத்தகமாக்கினார்கள். அவருடைய ‘முறை’ என்ற நூல் அதில் மட்டும்தான் பிழைத்திருக்கிறது. 1998-இல் அது 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் ஆய்வுக்காகப் பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்.

புற ஊதா ஒளியில் தோல் ஒளிரும், மை இருளும். அதை வைத்துப் பல பக்கங்களைப் படித்துவிட்டார்கள். ஆனால் 4 பக்கங்களில் அந்த வித்தை செல்லவில்லை. புத்தகத்துக்குப் பழைய ஓவிய நூல் போல மவுசு கூட்டுவதற்காக, 20-ஆம் நூற்றாண்டில் யாரோ அவற்றின்மேல் தங்கப் பின்னணியோடு போலிப் படங்களை வரைந்து வைத்திருந்தார்கள்!

அப்புறம் 2005-இல் பக்கங்கள் ஸ்டான்ஃபோர்டின் துகள்முடுக்கி ஆய்வகத்துக்குப் போயின. அங்கே அவற்றின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். எக்ஸ் கதிர் ஓர் அணுவின் உள்வட்ட எலக்ட்ரானைத் தட்டிவிட்டால், வெளிவட்டத்து எலக்ட்ரான் அந்த இடத்துக்கு இறங்கும். இறங்கும்போது அதுவும் ஒரு எக்ஸ் கதிரை விடும். அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு. தங்கத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று. இரும்பின் ஆற்றலை மட்டும் பிரித்தெடுத்துப் படமாக்கினால் போலி ஓவியம் விலகி, அடியிலிருந்து கிரேக்க எழுத்துகள் வரிவரியாக எழுந்து வந்தன. சுரண்டியவரின் கத்தியில் மேல்கறுப்புதான் போயிருந்தது. அன்னபேதியின் இரும்பு தோலுக்குள்ளேயே கிடந்தது.