எதைத் தட்டினாலும் அபசுரம் வராது

மாற்றுத்திறனாளிகளையும் மற்றவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஆளுக்கொரு கருவி கொடுத்தால் வெறும் இரைச்சல்தானே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராமல் செய்யலாம். அதற்கு யாருக்கும் சரளி வரிசை நடத்த வேண்டாம், சுரத்துக்கு ஒரு மரக்கட்டையாக அடுக்கி, குச்சியால் தட்டி வாசிக்கும் சைலஃபோனில் சில கட்டைகளைக் கழற்றிவைத்தால் போதும்.

எந்தக் கட்டைகளை? மோகன ராகத்தில் இல்லாதவற்றை. அந்த ராகத்தில் மத்தியமமும் நிஷாதமும் கிடையாது, ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரங்கள். மிக நெருக்கமான இரண்டு சுரங்கள், உதாரணமாக 440 ஹெர்ட்ஸும் (விநாடிக்கு 440 அதிர்வு) 466 ஹெர்ட்ஸும், சேர்ந்து ஒலித்தால் சத்தம் விநாடிக்கு 26 முறை ஏறி இறங்கும். காதுக்கு அது கரகரப்பாகப் படும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-லேயே இதை விளக்கிவிட்டார். மோகனத்தில் அவ்வளவு நெருக்கமான ஜோடியே இல்லை என்பதால், கை நடுங்கிப் பக்கத்துக் கட்டையில் பட்டாலும், நாலு பேர் நாலு சுரத்தைத் தட்டினாலும், பாட்டு கெடாது. (மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் ச-ரி கூடக் கரகரக்கும், பெரிய கட்டைகளை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.) கட்டையைக் கழற்றக்கூடிய இந்தக் கருவிகளை ஜெர்மனியில் பரப்பியவர் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப். அவருடைய முன்னாள் மனைவி கெர்ட்ரூட் ஓர்ஃப் அவற்றை வைத்தே மியூனிக்கில் குழந்தைகளுக்கான இசை சிகிச்சையை வளர்த்தார்.

சரி, காது கேளாதவர் வந்தால்? தோலும் அதிர்வை உணரும், ஆனால் அதன் எல்லை சின்னது. காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும், தோலுக்கு சுமார் 1,000 வரைதான், அதிலும் 250 பக்கத்தில்தான் நன்றாகத் தெரியும். அதனால் அவருக்குப் புல்லாங்குழலைவிட தவில் பக்கத்தில் இடம் கொடுப்பதுதான் உதவும். ஸ்காட்லாந்தின் காது கேளாத தாளவாத்தியக் கலைஞர் எவலின் க்ளெனி வெறுங்காலோடு வாசிப்பது இதற்காகத்தான். நம் ஊர் சிமெண்ட் தரை அவ்வளவாக அதிராது. கீழே ரீப்பர் கட்டை கொடுத்து ஒரு ப்ளைவுட் பலகை போட்டு, அதன்மேல் எல்லோரும் செருப்பில்லாமல் உட்காருங்கள். கையில் ஊதிய பலூன் இருந்தால் அதிர்வு அதிலும் தெரியும், இன்னும் நல்லது.

நடத்துபவர்கள் பெரும்பாலும் சொதப்புவது வேகத்தில். பெருமூளை வாதம் உள்ளவருக்குக் கையைத் தூக்கவே நேரம் பிடிக்கலாம். ஒரே தாளம் திரும்பத் திரும்பச் சுற்றினால் அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடும், கையும் அதற்கேற்ப முன்னாடியே கிளம்பலாம். ஆகவே எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தை மெதுவாகப் போட்டு, எட்டாவது எண்ணிக்கையை ஒவ்வொரு சுற்றிலும் அவருக்கென்று காலியாக விடுங்கள். பின்னால் நின்று கையைப் பிடித்து அடிக்கவைக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். குச்சி நழுவினால் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள், பல பேருக்கு அதுவே போதும்.